தூக்கக் கஷாயம்

கன்னிவாடிச் சோலைமலை குடியை விட்டதும் தூக்கமும் அவனை விட்டுப் போய்விட்டது. குவாட்டர் உள்ளே போனால்தான் கண் மூடிப் பழக்கம்.

“தூக்கத்துக்கு நான் கஷாயம் வச்சுத் தாரேன்” என்றாள் படுத்ததும் குறட்டை விடும் அவன் மனைவி ஒச்சம்மாள்.

சுக்கும் திப்பிலியும் போட்ட காரத்தில் நாக்கு மரத்துப்போனதுதான் மிச்சம். கொட்டக் கொட்ட விழித்துக் கிடந்தான்.

“சும்மா புரள்றதுக்கு, செத்த நேரம் தோட்டத்துக்கு வந்து மல்லிப்பூ பறிக்கலாம்ல?” என்றாள்.

விடியுமுன் பறிக்கிற பூ. இத்தனை வருஷம் அவள் தனியாகத்தான் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு பறித்தாள். இப்போது இரண்டு பேர் கை பட்டதில், திண்டுக்கல் பூச்சந்தைக்கு முதலில் போய்ச் சேர்வது இவர்கள் பூதான்.

ஆனாலும் மனுஷனுக்குத் தூக்கம் வேண்டாமா? கஷாயப் பொடி டப்பாவோடு செம்பட்டி நாட்டு மருந்துக் கடைக்குப் போனான்.

“இதே மருந்து இன்னும் வீரியமா வேணும்ணே. தூங்கலேன்னா திரும்பவும் குவாட்டருக்கே போயிருவேன்.”

கடைக்காரர் மோந்து பார்த்தார். “எப்படிப்பா தூக்கம் வரும்? சுக்கும் திப்பிலியும் பேருக்குத்தான். மிச்சம் பூராம் காப்பித்தூளு.”

சோலைமலை டப்பாவை மூடிக்கொண்டு வீடு திரும்பினான்.

“கடைக்காரரு என்ன சொன்னாரு?” ஒச்சம்மாள் அவன் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“நல்ல மருந்தாம். ராத்திரி ரெண்டு டம்ளர் வைக்கச் சொன்னாரு.”

“ரெண்டு டம்ளரா குடிப்பீங்க?”

“எனக்கு ஒண்ணு போதும். இன்னொண்ணு, வச்சுக் குடுக்குற ஆளுக்காம்.”