தையல்காரரின் ரத்தம்

கொரோனா வார்டில் தையல்காரரும் அவர் மனைவியும் அடுத்தடுத்த கட்டிலில் இருந்தார்கள். மனைவி இறந்தபோது அவர் நினைவில்லாமல் கிடந்தார். அவருடைய ரத்தப் பரிசோதனை முடிவுகளைப் பார்த்த டாக்டர், "இவரும் தாங்கமாட்டார். மகளுக்குச் சொல்லிடுங்க" என்றார்.

மகள் போனில் உடைந்துபோனாள். "அப்பா கண்ணு முழிச்சா, அம்மா போனதை மட்டும் சொல்லிடாதீங்க."

மறுநாள் காலை அவருடைய ரத்தத்தைச் சோதித்த லேப்காரம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எகிறிக் கிடந்த தொற்று அளவுகளெல்லாம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தன. குழாய் மாறிவிட்டதோ என்று ரத்த வகையையும் பார்த்தாள். தையல்காரருக்கு பி பாசிட்டிவ். இதுவோ ஓ நெகட்டிவ். அந்த வார்டில் இறந்துபோன அவர் மனைவி ஒருத்திக்குத்தான் அந்த வகை இருந்தது.

"யாரோடதையோ எடுத்துட்டு வந்து என் உயிரை வாங்காதீங்கம்மா" என்றார் டாக்டர். "போய் மறுபடி எடுங்க."

அவள் போனபோது தையல்காரர் கண் விழித்திருந்தார். இன்னொரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் விட்டு, கட்டிலின் ஓரமாக ஒடுங்கிப் படுத்திருந்தார். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது.

"கையை நீட்டுங்கய்யா. இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்."

அவர் மறுக்காமல் நீட்டினார். அவள் ஊசியைப் பிரித்ததும், மற்றக் கையால் தன் முழங்கையை மெல்லத் தடவிக்கொடுத்தார்.

"மெதுவாக் குத்தும்மா" என்றார். "எனக்கு ஒண்ணும் இல்ல. அவளுக்குத்தான் ஊசின்னா பயம்."