அண்ணியின் தொண்டை

காலையில் எழுந்து வாயைத் திறந்தால், அண்ணிக்குக் காற்றுதான் வந்தது.

சாயங்காலம் நாடகம். கல்லூரிக்கு எதிரே இருக்கும் அரங்கில் டிக்கெட் எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. அண்ணிதான் கதாநாயகி. கறுப்பு அங்கி போட்ட நீதிபதி. நாடகம் முழுக்கப் பேச்சு.

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். பிறகு மெல்ல நாத்தனார் பக்கம் திரும்பினார்.

அண்ணிக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த வேடம் அவளுக்குத்தான். மருந்துக் கடை நடத்துகிறாள். கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டு ஒத்திகைக்குத் தவறாமல் வந்து, ஓரமாக உட்கார்ந்து தலையாட்டிக்கொண்டிருப்பாள். தான் எப்போது விழுவோம் என்று அவள் காத்திருக்கிறாள் என்றே அண்ணிக்குத் தோன்றும்.

அவள்தான் இப்போது ஒப்பனை அறைக்குள் வெந்நீர் டம்ளரோடு வந்து நின்றாள்.

அண்ணி டம்ளரை முகர்ந்து பார்த்தாள்.

"வெறும் உப்புத் தண்ணி அண்ணி. கொப்பளிங்க."

கொப்பளிக்க வைத்தாள். ஆவி பிடிக்க வைத்தாள். மின்விசிறியை நிறுத்தினாள். நலம் விசாரிக்க வந்தவர்களையெல்லாம் வாசலிலேயே விரட்டினாள், இயக்குநரும் தப்பவில்லை. அண்ணி ஏதோ கேட்க வாயெடுத்தபோது, "மூச்!" என்று ஒரு அதட்டல். புகுந்த வீட்டில் அண்ணியை இதுவரை யாரும் அப்படி அதட்டியதில்லை.

மதியம் தாண்டி ஒரு கரகரப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் குரலே வந்துவிட்டது. அண்ணி அங்கியை மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன் நின்று, தீர்ப்பை முழுசாகப் படித்துக் காட்டினாள்.

நாத்தனார் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அண்ணிக்கு நெஞ்சு இளகிப்போனது. இந்தப் பெண்ணைப் போய் என்னவெல்லாம் நினைத்துவிட்டோம்!

அங்கியைக் கழற்றினாள். அதை நாத்தனாரின் தோளில் போர்த்தினாள்.

"இன்னைக்கு நீயே நடிம்மா. எவ்வளவு நாளா ஆசைப்பட்டுக் காத்திருக்கே. நான் நாளைக்குப் பார்த்துக்கறேன்."

வெளியே முதல் மணி அடித்தது.

நாத்தனாரின் முகத்தில் ரத்தமே இல்லை. அண்ணியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணி, எனக்கு ஒரு வரிகூடத் தெரியாது."

"என்னது?"

"உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு நம்பி இருந்துட்டேன். காலையில உங்களுக்குக் குரலே வரலைன்னு தெரிஞ்சதுலேர்ந்து எனக்கு உயிரே இல்ல."

அங்கியை எத்தனை வேகமாகத் திரும்ப வாங்கி மாட்டிக்கொண்டோம் என்பது, கடைசிப் பொத்தானைப் போடும்போதுதான் அண்ணிக்கு உறைத்தது.

கண்ணாடியில், கோபமாக இருந்திருக்க வேண்டிய முகம் பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தது.