தக்காளியில் வெந்த முட்டை

கல்யாணமான இரண்டாம் வாரம், கேஷிகா போனைப் பார்த்து ஓர் அரபு நாட்டுச் சமையலில் இறங்கினாள். கொதிக்கும் தக்காளிக் குழம்பில் முட்டைகளை உடைத்து ஊற்றினாள்.

தேயிலைக் கொழுந்து பறித்துவிட்டு வந்த கணவனின் அக்கா பூரணி, சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"சீரகம் போட்டியா? மூடி வையி. மஞ்சக்கரு இறுகுறதுக்குள்ள எறக்கிடு."

அவள் தோட்டத்தைத் தாண்டாதவள் என்று நினைத்திருந்த கேஷிகாவுக்கு வியப்பாக இருந்தது.

"உங்களுக்கு எப்படி இது தெரியும் அண்ணி?"

"பெய்ரூட்ல ஒரு வீட்ல வேலைக்கு இருந்தேன். நாலு வருஷம், தெனமும் காலையில இதுதான் செய்வேன்."

கேஷிகா ஆவலோடு ரொட்டியும் முட்டையும் வைத்துத் தட்டை நீட்டினாள். "அப்ப நீங்களே சொல்லுங்க. அதே ருசி வந்திருக்கா?"

பூரணி ரொட்டியைத் தோய்த்து மெதுவாக மென்றாள்.

"தெரியலையேம்மா. அவங்க எனக்கு இதுல ஒரு வாய்கூடக் குடுத்ததில்ல" என்றவள், இன்னொரு துண்டைத் தோய்த்தாள். "நல்லாத்தான் இருக்கு."