போட்டு வாங்கும் வித்தை

"அடுத்தவங்க சங்கதியை வித்தா இங்க வந்து பதியணுமாமே. நான் வித்திருக்கேன்மா, பதிஞ்சுக்கோ."

பதிவு அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த கொலெட் நிமிர்ந்து பார்த்தாள். தொப்பியில் ஒட்டிய பனியைக்கூடத் தட்டாமல் எதிரே உட்கார்ந்திருந்தாள் ஆர்லீன்.

வெர்மான்ட் மாநிலத்தில் அப்படி ஒரு சட்டம் உண்டு. ஊரார் பெயர், வயது, வருமானம் என்று சேர்த்து வைத்து விலைக்கு விற்கும் தரகர்கள் வருஷா வருஷம் அரசாங்கத்திடம் பதிய வேண்டும். ஆனால் பேரி நகரத்தில் முடி திருத்தும் கடை வைத்திருக்கும் ஆர்லீன் பதிவதற்கா வந்தாள்? அவள் வந்தது பெண் பார்க்க.

ஒரே மகன் வாரன். கொலெட் என்று ஒருத்தியைப் பிடித்திருக்கிறது, கல்யாணத்துக்குக் கேட்கப் போகிறேன் என்று போன வாரம் சொன்னான். எப்படிப்பட்டவள் என்று கேட்டால், "தன்னைப் பத்தி வெளியே பேசினா அவளுக்குப் பிடிக்காதும்மா" என்று வாயை மூடிக்கொண்டான். இந்த அலுவலகத்தில் வேலை என்பதையே பிடுங்கித்தான் வாங்க வேண்டியிருந்தது. முன்பு ஒருத்தி நிச்சயம் ஆன பிறகு அவனை விட்டுப் போனாள். அப்போது அவன் கிடந்த கிடப்பு பெற்ற வயிற்றுக்குத்தான் தெரியும். அதை இன்னொரு தடவை பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

"உங்க பேரு என்னம்மா?"

"டோரத்தி" என்று கூசாமல் புளுகினாள் ஆர்லீன்.

"யார் சங்கதியை வித்தீங்க?"

"ஊர்ல இருக்கற எல்லார் சங்கதியும்தான். ஒரு சங்கதிக்கு ரெண்டு டோனட்."

கொலெட் சிரிக்கவில்லை. "டோனட்டும் விலைதான்" என்று கணினியில் தட்டினாள்.

"உனக்கு என்னம்மா வயசு?"

"அது தனிப்பட்ட விவரம்மா."

"சொந்த ஊரு?"

"அதுவும்தான்."

"சமைக்கவாவது தெரியுமா?"

"பதிவுக்கு அது தேவைப்படாது."

சரியான கல்லுளிமங்கி என்று மனசுக்குள் கறுவினாள் ஆர்லீன். இருக்கட்டும். காலமெல்லாம் ஊரார் தலையைக் கையில் பிடித்துக்கொண்டு கதை கறந்தவளுக்குப் போட்டு வாங்கும் வித்தை தெரியாதா என்ன?

"மாதிரிக்கு ஒருத்தர் விவரம் சொல்லுங்க. பேர் வேண்டாம்" என்றாள் கொலெட்.

அவசரத்துக்கு ஆர்லீனுக்கு மகனைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

"எங்க தெருவுல ஒரு பையன் இருக்கான். மின்கம்பம் ஏறுற வேலை. ஆறடி உசரம். எலியைப் பார்த்தா மட்டும் நாற்காலி மேல ஏறி நின்னுக்குவான்."

"குறட்டை விடுவாரா?"

"மரம் அறுக்கற மிஷின் தோத்துடும். உனக்கு அந்தப் பழக்கம் உண்டா?"

"பதிவுக்குத் தேவையில்லைம்மா. அவர் குடிப்பாரா?"

"மீன் பிடிக்கப் போனா ஒரு பீர். அதுக்கே தூங்கிடுவான், மீன் தப்பிச்சுடும்."

"கோபம்?"

"வரும். வந்தா கொட்டகைக்குப் போய் விறகு பிளப்பான். அவன் கோபத்துலதான் எங்க... அவங்க வீட்டு அடுப்பு குளிர்காலம் பூரா எரியுது."

கொலெட் தட்டுவதை நிறுத்திவிட்டாள். கன்னத்தில் கையூன்றிக் கொஞ்சம் தயங்கினாள்.

"முன்னாடி யாரையாவது விரும்பினாரா?"

"ஒருத்தி இருந்தா. மோதிரம் மாட்டின கையோட ஒரு பல் டாக்டர் பின்னாடி போயிட்டா. இவன் சாப்பிடாம, தூங்காம பாதி ஆளா ஆனான். இன்னிக்கும் பனி கொட்டினா விடியறதுக்குள்ள அந்தப் பொண்ணோட அம்மா வீட்டு வாசலுக்குப் போய்ப் பனியை வாரிப் போட்டுட்டு வர்றான். கிழவிக்கு இடுப்பு சரியில்லையாம். யாருக்கும் தெரியாதுன்னு நினைச்சுக்கிட்டிருக்கான், மடையன்."

ஆர்லீன் பையைத் திறந்தாள். கைக்குட்டையைத் தேடினாள். கொலெட் தன்னுடையதை நீட்டினாள். வாங்கி மூக்கைச் சிந்திய பிறகுதான் ஆர்லீனுக்கு உறைத்தது. அடக் கடவுளே, வந்த காரியம் என்ன, நடந்தது என்ன? இந்தப் பெண்ணிடமிருந்து ஒரு பருக்கைகூடப் பெயரவில்லையே.

"என்னம்மா, பதிஞ்சுட்டியா?" என்றாள் சலிப்போடு.

"பதிய முடியாதும்மா."

"ஏனாம்?"

"நேரடியா எந்தத் தொடர்பும் இல்லாதவங்க விவரத்தை வித்தாத்தான் சட்டப்படி தரகர். பெத்த மகனைப் பத்திப் பேசினா அது சட்டத்துல வராது."

ஆர்லீன் முகத்தில் ஈயாடவில்லை. "யா... யாரு மகன்?"

"வாரன் போனைத் திறந்தா முதல்ல உங்க படம்தான்."

சட்டென்று எழுந்து ஓடிவிடலாமா என்று பார்த்தாள் ஆர்லீன். கொலெட் மேசையைச் சுற்றி வந்து அவள் தொப்பியில் உருகிக்கொண்டிருந்த பனியைத் துடைத்துவிட்டாள்.

"நேத்து அவர் மோதிரத்தை நீட்டினார். விசாரிச்சுட்டுச் சொல்றேன்னு சொல்லியிருந்தேன்" என்றாள். "இப்ப விசாரிச்சாச்சு. எனக்குச் சம்மதம்னு நீங்களே சொல்லிடுங்க, அத்தை."