சிரிப்புக்குள்ளே துப்பு

பிணம் தும்மியது. பக்கத்தில் நின்ற இன்ஸ்பெக்டர் பதறாமல், "நூறு ஆயுசு" என்று வாழ்த்தினார்.

தியேட்டரே குலுங்கிச் சிரித்தது. உமாபதி மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். காஞ்சிபுரத்தில் அவருக்கு ஜரிகை வியாபாரம். ஆனால் ஊர் அவரை அறிந்தது யூடியூபில் படங்களைக் கிழித்துத் தொங்கவிடுகிறவராகத்தான். இந்தப் படத்தில் சமையல்காரன்தான் கொலைகாரன் என்பதை, பெயர் போட்டு முடிவதற்குள் சொல்லிவிட்டார்.

பக்கத்து இருக்கையில் தாவீது வாயைப் பிளந்தார். உங்கள் ரசிகன் என்று போன வாரம் போனில் அறிமுகமானவர். இந்தக் காலைக் காட்சிக்கு டிக்கெட் எடுத்து, வீட்டுக்கே வண்டியில் வந்து அழைத்து வந்திருந்தார். அதுவும் பளபளவென்று பட்டு வேட்டியில்.

"படம் பாக்க எவனாவது பட்டு வேட்டி கட்டிக்கினு வருவானா? கொலைகாரன் மாட்டுனதும் ஆரத்தி எடுக்கவா?" என்று கேட்டு உமாபதி வரும் வழியெல்லாம் சிரித்தார். தாவீதும் கூடவே சிரித்தார். பட்டு நெய்கிற ஊரில் இப்படியும் ஒரு ஞானசூனியம் என்று உமாபதி நினைத்துக்கொண்டார்.

இடைவேளையில் அவர் கிளம்பப் பார்த்தார். மகள் திரிஷாவை வீட்டில் விட்டு வந்தது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று போன மாதம் அவள் வந்து நின்றபோது, யார் வீட்டுப் பையன் என்றுகூட அவர் கேட்கவில்லை. உன் கதைக்கு முடிவு நான்தான் எழுதுவேன் என்று சொல்லி, வேலூர் வரனைப் பேசி முடித்துவிட்டார். நாளை நிச்சயதார்த்தம். மனைவி அம்சாவை வாசலில் காவல் வைத்துவிட்டு வந்திருந்தார்.

தாவீது விடவில்லை. சூடாக ஒரு பப்ஸைக் கையில் திணித்து, கொலையும் காமெடியும் கலந்த படத்தில் அப்படி என்னதான் ருசி என்று கேட்டார். சினிமா பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் உமாபதி நகரமாட்டார் என்பது ஊரறிந்த விஷயம்.

"சிரிக்கிறப்போ மனுசன் கண்ண மூடிக்கிறான்பா. துப்ப அங்கதான் ஒளிச்சு வெக்கணும். ஜோக்குன்னு சிரிச்சிட்டு உட்டுடுவோம், கடசில பாத்தா அதான் துப்பு. கண்ணு முன்னாடியே இருந்துச்சேன்னு தலையில அடிச்சிக்கினே சிரிக்கணும். இவனுங்க இன்னா பண்றானுங்க? பொணத்த தும்ம வெக்கிறானுங்க."

"உங்களயே ஏமாத்துற மாதிரி யாராச்சும் எடுப்பாங்களா சார்?"

"இனிமே ஒருத்தன் பொறந்துதான் வரணும்."

இரண்டாம் பாதியில் தாவீது அடிக்கடி போனை எடுத்துப் பார்த்தார். உமாபதிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தியேட்டரில் போன் பார்க்கிறவன் மனிதப் பிறவியே இல்லை என்பது அவர் கட்சி. தன்னுடையதை வாசலிலேயே அணைத்துவிடுவார்.

கடைசியில் கொலைகாரன் இன்ஸ்பெக்டர். பிணமாக நடித்தவனும் அவரும் சேர்ந்து வேறொருவனைத் தீர்த்துக்கட்டிய கூட்டுக் களவாணிகள். அதனால்தான் பிணம் தும்மியபோது அவர் பதறவில்லை. சனம் கைதட்டியது. இதெல்லாம் ஏமாற்று வேலை என்று உமாபதி முகத்தைச் சுளித்தார்.

விளக்குகள் எரிந்தன. தாவீதின் போன் அதிர்ந்தது. அதில் வந்த செய்தியைப் படித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, பட்டு வேட்டியின் மடிப்பை நீவிவிட்டார்.

இந்தக் குப்பைக்கெல்லாமா அழுவார்கள் என்று உமாபதி நக்கலாகக் கேட்டார்.

தாவீது இரண்டு கையையும் கூப்பினார்.

"தாலி கட்டியாச்சாம், உங்க வீட்டம்மாதான் எடுத்துக் குடுத்தாங்களாம், வாங்க சம்பந்தி."