நம்பிக்கையான ஆள்

"அவரு வேலைக்குப் போயிருக்காருங்க. திரும்பறதுக்குள்ள நானும் பாப்பாவும் கிளம்பிடணும்." தொலைபேசியில் அந்தப் பெண்ணின் குரல் நடுங்கியது.

"பயப்படாதம்மா, இப்பவே வண்டி அனுப்பறேன்" என்றாள் பெண்கள் காப்பகத்தின் ஆலோசகி.

"தேடி வந்துட்டா? போன தடவை எங்க அம்மா வீட்டுக்கே வந்து கையை உடைச்சாரு."

"இங்க வர முடியாது. இந்த விலாசமே வெளியாளுங்க யாருக்கும் தெரியாது. எங்க டிரைவர் அண்ணன் எட்டு வருஷமா இருக்காரு, எந்த இடத்துல வேலை பாக்கறாருன்னு வீட்டுலகூட மூச்சு விட்டதில்ல. தங்கமான மனுஷன். கிளம்பறப்ப அவரே போன் பண்ணுவாரு, எந்தத் தெருன்னு அவர்கிட்டச் சொல்லு."

அந்தப் பெண் அழுதாள். நிம்மதியில் அழுதாள்.

ஆலோசகி அவள் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதி ஓட்டுநரிடம் நீட்டினாள். "சீக்கிரம் அண்ணே, பாவம், குழந்தையோட காத்துட்டு இருக்கு."

அவர் சீட்டைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். கடைசி எண்ணுக்கு வந்ததும், அவர் எப்போதோ பதிந்து வைத்திருந்த பெயர் கைப்பேசித் திரையில் தெரிந்தது: 'வீட்டுக்காரி'.

அழைக்காமலே கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வண்டிச் சாவியை எடுத்தார்.

"எந்தத் தெருன்னு கேக்கலையே அண்ணே?"

"நான் பாத்துக்கறேன் மேடம்."