பாதித் தண்டனை

தோற்ற வழக்கின் தண்டனையில் பாதியை வக்கீலும் அனுபவிக்க வேண்டும் என்று சட்டம் வந்துவிட்டது. கட்சிக்காரன் தானாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டால் மட்டும் வக்கீல் தப்பலாம். அதனால் தீர்ப்பு நாளில் வக்கீல்கள் ஜெயிலுக்கான துணிப்பையோடுதான் தூத்துக்குடி கோர்ட்டுக்கு வருவார்கள். பையைக் கட்சிக்காரன் கண்ணில் காட்டக் கூடாது என்பது அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு.

அன்று வக்கீல் எஸ்தர் அவசரத்தில் பையை மேஜைமேலேயே வைத்துவிட்டாள். அவளுடைய கைக்குழந்தையின் சட்டை வெளியே எட்டிப்பார்த்தது.

உப்புக் குடோனுக்குத் தீ வைத்ததாகக் கூண்டில் நின்ற இசக்கிராஜ் அந்தச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். சம்பவத்தன்று அவன் ஊரிலேயே இல்லை. அதற்கு எஸ்தர் சாட்சியும் கொண்டுவந்திருந்தாள். ஜெயிக்கலாம், தோற்கவும் செய்யலாம்.

நீதிபதி வாயைத் திறப்பதற்குள் அவன் கையைத் தூக்கினான். "நான்தான்யா தீ வச்சேன்."

"பொய் சொல்றான்யா!" எஸ்தர் பதறி எழுந்தாள். "டேய், யாரைக் கேட்டு எனக்குப் பிச்சை போடுற?"

"பால்குடிப் பிள்ளைய ஜெயிலுக்குள்ள தூக்கிட்டுப் போவியளா, வக்கீலம்மா? எனக்குன்னா யாரு இருக்கா? சும்மா இருங்க."

"சும்மா இருக்கவாடா கறுப்புக் கோட்டு போட்டிருக்கேன்?" அவள் போட்ட சத்தத்தில் போலீஸ்காரர்கள் ஓடிவந்து அவள் கையைப் பிடித்தார்கள்.

நீதிபதி மட்டும் மலர்ந்த முகத்தோடு பேனாவைத் திறந்தார்.

"பார்த்தீங்களாம்மா? இந்தச் சட்டம் வந்த பிறகுதான் ஜனங்க உண்மையைப் பேசுறாங்க."